மிஷின் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸ் தான் மாறிப்போச்சு

1) 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. "அதனால என்ன, பதினொண்ணு போட்டுக்கலாம்" என்பதுதான் பெரும்பாலான இடங்களில் பதில். லெட்டர் டைப் அடிக்க, பில் போட, படம் பார்க்க அது சரி. காது கேட்கிறதா என்று சோதிக்கும் கருவியோடு இணைந்த கம்ப்யூட்டருக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

அதைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

2) நான் நாமகிரிப்பேட்டைக்காரன். எம்பிபிஎஸ், அரசு மருத்துவமனை வேலை. காது மூக்கு தொண்டை நிபுணரும் இல்லை, சாஃப்ட்வேர் ஆளும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவுக்கு "இந்த டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன். அந்தச் சீட்டு எங்கே போய் எதனால் நிற்கிறது என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

3) எங்க ஊர் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று மஞ்சள். இன்னொன்று நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001).

இந்தப் பக்கத்துக் காதுகளுக்கு நாதஸ்வரம் மட்டும் இல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி. திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக் வண்டி. இருபது வருஷம் தறிக்குப் பக்கத்தில் நின்றவரோ, ரிக்கில் ஓடியவரோ ஓபிக்கு வந்தால் நாம் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டும். காது பரிசோதனை என்பது எங்களுக்கு ஏதோ பெரிய ஊர் சமாச்சாரம் இல்லை.

4) காது பரிசோதனையில் முக்கியமாக மூன்று வகை.

ஆடியோமெட்ரி: ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று பார்ப்பது. சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும்.

ஓஏஇ: பிறந்த குழந்தைக்கு. காதில் சின்னக் குழாய் வைத்து ஒலி அனுப்பினால், உள்காதில் இருக்கும் செல்கள் திரும்ப ஒரு மெல்லிய ஒலி எழுப்பும். ஆமாங்க, காதும் சத்தம் போடும். 1978ல் டேவிட் கெம்ப் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டறிந்தது இது.

பெரா: தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, ஒலி கேட்கும்போது காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் ஓடும் மின்னலையைப் பதிவுசெய்வது. தூங்கும் குழந்தைக்கும் செய்யலாம்.

5) இது ஏன் அவசரம்? உலக அளவில் பிறக்கும் 1000 குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்கு நிரந்தரக் காது கேளாமை இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

இதற்கு 1-3-6 என்று ஒரு விதி இருக்கிறது. 1 மாதத்துக்குள் முதல் சோதனை. 3 மாதத்துக்குள் குறை உறுதியாக வேண்டும். 6 மாதத்துக்குள் காது மிஷினோ வேறு சிகிச்சையோ ஆரம்பிக்க வேண்டும்.

மொழியைப் பிடித்துக்கொள்ளும் மூளைப்பகுதி நமக்காகக் காத்திருக்காது. ஒலி வராத மாதங்கள் பிற்பாடு பேச்சில் தெரியும்.

6) பெரியவர்களுக்கும் கணக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 டெசிபல் என்றால் கேட்கும் திறன் குறைந்தவர்.

ஆடியோமெட்ரியில் நாம் ஏறி இறங்கும் படி 5 டெசிபல். கருவி ஒரு படி தவறாகக் காட்டினால், எல்லையில் இருக்கும் ஒருவரின் சான்றிதழ் மாறும். அதோடு பென்ஷன், பஸ் பாஸ், கடன் எல்லாம் மாறும்.

7) சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கருவிகளில் பல, தனியாக நிற்பவை அல்ல. ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து யூஎஸ்பி ஒயர். கம்ப்யூட்டரில் அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர்.

இவற்றுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் இருக்கிறார். அவர் பெயர் டிரைவர். பெட்டி பேசும் பாஷையை விண்டோஸுக்குப் புரியவைக்கும் துபாஷி மாதிரி. பெட்டி சரி, சாஃப்ட்வேர் சரி, துபாஷிக்கு மட்டும் புதிய விண்டோஸின் பாஷை தெரியவில்லை என்றால் மொத்தமும் ஊமை.

8) எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் "எல்லாமே பழசு, அதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் பழைய சாஃப்ட்வேரைக் கைவிடுகிறது என்று பொத்தாம் பொதுவாகத் திட்டுவது நியாயமில்லை. 32 பிட் காலத்து சாஃப்ட்வேர் பல இன்றும் விண்டோஸ் 11ல் ஓடும். 16 பிட் காலத்தது ஓடாது. ஆனால் டிரைவர் கதை வேறு. 64 பிட் விண்டோஸுக்கு 32 பிட் டிரைவர் சேராது. விண்டோஸ் 11ல் 32 பிட் பதிப்பே கிடையாது.

9) இன்னொன்று, டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். 2016க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில், புதிதாக எழுதப்படும் டிரைவருக்கு மைக்ரோசாஃப்டின் கையெழுத்தே வேண்டும் என்று விதி இறுகியது. பாதுகாப்புக்கு நல்ல விதிதான்.

ஆனால் பெட்டியைச் செய்த கம்பெனி மூடிவிட்டால்? வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டால்? "அந்த மாடல் நிறுத்திட்டோம்" என்று சொல்லிவிட்டால்? புதிய டிரைவர் எழுதிக் கையெழுத்து வாங்க ஆள் இல்லை. பெட்டிக்குள் ஒரு ஸ்க்ரூ கூட கழன்றிருக்காது. ஆனாலும் அது செத்த மிஷின்.

10) அப்புறம், வெறும் டிரைவர் மட்டும் ஏறிவிட்டால் போதுமா? ஒலி சாஃப்ட்வேர் விஷயத்தில் போதாது. இது முக்கியமான பாயிண்ட்.

லெட்டர் அடிக்கும் சாஃப்ட்வேர் அரை வினாடி தாமதமாக எழுத்தைக் காட்டினாலும் எழுத்து அதே எழுத்துதான். ஒலி அப்படி இல்லை. எப்போது ஒலித்தது, எவ்வளவு சத்தமாக ஒலித்தது, இந்த இரண்டும்தான் சோதனையே.

11) பெராவை எடுத்துக்கொள்ளுங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் கொடுத்து, அடுத்த 10 மில்லி செகண்டுக்குள் வரும் அலைகளைப் பார்க்கிறோம். ஒரு முறை பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான தடவை செய்து சராசரி எடுத்தால்தான் அலை மேலெழும். இரண்டு காதுக்கும் நடுவில் அரை மில்லி செகண்டு வித்தியாசம் தெரிந்தாலே நிபுணர்கள் யோசிப்பார்கள்.

நல்ல கருவிகள் இந்த நேரக்கணக்கைப் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டை நம்பிச் செய்யப்பட்ட மலிவான கருவிகளில் அந்தக் கணக்கு விண்டோஸின் கையில் இருக்கிறது.

12) சத்தத்தின் அளவும் அப்படியே. விண்டோஸ் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒலி போகும் பாதையையே மாற்றி அமைத்தது. இப்போதும் புதுக் கம்ப்யூட்டர்களில் "ஒலியை மேம்படுத்துகிறேன்" என்று சில வசதிகள் தானாகவே ஆன் ஆகி இருக்கும். பாட்டு கேட்க ஜோராக இருக்கும்.

ஆனால் சவுண்ட் கார்டு வழியாக ஓடும் ஆடியோமீட்டரில் 40 டெசிபல் என்று திரையில் காட்டும்போது ஹெட்போனில் வருவது 40 தானா? மறுபடி அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அளவுத்திருத்தம் செய்யாத கருவி, படிக்கல் இல்லாத தராசு.

13) ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர், மருத்துவமனை, கம்பெனி எதுவும் வேண்டாம்.

மூன்று மாதக் குழந்தை. முதல் சோதனையில் சந்தேகம் என்று வந்ததால் பெரா எடுக்க எழுதிக் கொடுத்தேன். இரண்டு பஸ் மாறிப் போன அம்மா மறுவாரம் சீட்டோடு திரும்பி வந்தார்.

"மிஷின் ஓடலைங்களாமா டாக்டர். கம்ப்யூட்டரை மாத்திட்டாங்களாம். அடுத்த மாசம் வரச் சொன்னாங்க. மறுபடியும் பிள்ளையைத் தூங்க வெச்சு கொண்டுபோகோணுங்களா?"

14) அங்கே போன் போட்டுக் கேட்டேன். பழுது பார்க்க வந்திருந்த பயோமெடிக்கல் தம்பி பேசினார். "சார், மிஷின்ல ஒண்ணுமே இல்லீங்க. பழைய சிஸ்டம் போயிருச்சு. புதுசுல பதினொண்ணு போட்டு வந்திருக்கு. டிரைவர் ஏற மாட்டேங்குது. கம்பெனில கேட்டா புது மாடல் வாங்கச் சொல்றாங்க."

புது மாடல் என்றால் லட்சக்கணக்கில். பழைய பெட்டியிலோ எந்தப் பழுதும் இல்லை.

அந்தக் குழந்தைக்கு வேறு இடத்தில் ஏற்பாடு செய்தோம். எடுத்து முடிக்கும்போது ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. 1-3-6 விதியை மேலே ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

15) இந்தத் தலைவலியை நம்மைவிட முன்னாடியே அனுபவித்தவர்கள் இசைக்காரர்கள்.

2002ல் ஆப்பிள், இமேஜிக் என்ற ஜெர்மன் கம்பெனியை வாங்கியது. அதோடு அவர்களுடைய லாஜிக் என்ற இசைப்பதிவு சாஃப்ட்வேரின் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. விண்டோஸில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில். 2003ல் கூல் எடிட் ப்ரோவை அடோபி வாங்கி ஆடிஷன் என்று பெயர் மாற்றியது. 2019 அக்டோபரில் ஆப்பிளின் கேட்டலினா வந்தது. 32 பிட் சாஃப்ட்வேர் எதுவுமே அதில் ஓடாது. அப்டேட் அமுக்கிய பலருக்கு மறுநாள் காலையில் பழைய ப்ளக்-இன்கள் திறக்கவில்லை.

16) அவர்கள் இதிலிருந்து சில பழக்கங்களைக் கற்றுக்கொண்டார்கள்.

புதிய ஓஎஸ் வந்த அன்றே அப்டேட் போட மாட்டார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியே "நாங்கள் சோதித்துச் சொல்லும் வரை பொறுங்கள்" என்று அறிவிக்கும். ஓடுகிற சிஸ்டத்தை இன்டர்நெட்டில் இருந்து பிரித்து அப்படியே வைத்திருப்பார்கள். முடித்த வேலையை, எந்தக் காலத்திலும் திறக்கும் வேவ் கோப்பாகத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஒரு ஸ்டுடியோவில் பாட்டு நின்றால் பாட்டு நிற்கும். அவ்வளவுதான். அவர்களுக்கே இந்த ஜாக்கிரதை இருக்கும்போது, குழந்தையின் காதைச் சோதிக்கும் அறைக்கு இன்னும் அதிகமாக இருக்க வேண்டாமா?

17) "அப்ப அப்டேட்டே பண்ணாம விட்டுடலாமே" என்று கேட்பீர்கள். பல இடங்களில் அதுதான் நடக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014லும், 7க்கு 2020லும் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் அவை மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்டர்நெட் இணைப்போடு அப்படி விடுவது ஆபத்து. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் தாக்குதலில் இங்கிலாந்து அரசு மருத்துவ அமைப்புகளில் 80க்கும் மேல் பாதிக்கப்பட்டன. ஆபரேஷன்களும் அப்பாயின்ட்மென்ட்களும் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அங்கே பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இருந்தது, வந்த பாதுகாப்பு அப்டேட்டைப் போடாமல் விட்ட விண்டோஸ் 7.

18) நம் நாட்டிலும் நடந்தது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கின. நாட்டின் முதன்மையான மருத்துவமனையில் நாள்கணக்கில் பேப்பரில் சீட்டு எழுதினார்கள்.

ஆக, அப்டேட் போட்டால் கருவி நிற்கலாம். போடாவிட்டால் மொத்த மருத்துவமனையும் நிற்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு டெக்னீஷியனைத் தனியாக நிறுத்திவிட்டு, நாம் "ஏன் மிஷின் ஓடல?" என்று அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

19) கம்பெனிக்காரர்கள் பக்கமும் கேட்போம். மருத்துவக் கருவியின் சாஃப்ட்வேரை எப்படியோ ஓட வைத்தால் போதாது. ஒவ்வொரு புதிய ஓஎஸ்ஸிலும் நேரம், அளவு எல்லாம் மாறாமல் இருக்கிறதா என்று சோதித்து நிரூபிக்க வேண்டும். நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் இருக்கின்றன. அந்தச் சோதனைக்குக் காசு ஆகும், ஆள் வேண்டும். இதை நான் மறுக்கவில்லை.

அதனால்தான் நெட்டில் பார்த்து "கம்பேட்டிபிலிட்டி மோடு" போட்டு ஓட்டுவதை மருத்துவமனையில் செய்யாதீர்கள் என்கிறேன். ஓடுகிற மாதிரி இருக்கும். சரியாக ஓடுகிறதா என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

20) ஆனால் அந்தச் செலவு விற்கும்போதே விலையில் சேர வேண்டிய ஒன்று. பத்து வருஷம் உழைக்கும் பெட்டியை விற்றுவிட்டு, நாலு வருஷத்தில் சாஃப்ட்வேரைக் கைவிடுவது என்ன நியாயம்?

ஃபிரிட்ஜ் வாங்கும்போது கம்ப்ரஸருக்கு எத்தனை வருஷம் வாரன்ட்டி என்று கேட்கிறோம். லட்ச ரூபாய்க் கருவிக்கு "இந்த சாஃப்ட்வேர் எத்தனை வருஷம் புதிய விண்டோஸில் ஓடும்?" என்று கேட்பதில்லை. நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். இந்தக் கேள்வி வாங்கும்போதே காகிதத்தில் இருக்க வேண்டும். கருவி நின்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

21) தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம்மிடம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 1994ல் தொடங்கியது. மாநிலம் முழுக்க அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் மொத்தமாக வாங்கும் அமைப்பு. மருந்துக் கொள்முதலில் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போன முறை இது.

தனியாக ஒரு கிளினிக் கேட்டால் கம்பெனி காதில் போட்டுக்கொள்ளாது. மொத்த மாநிலமும் டெண்டரில் கேட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

22) டெண்டரில் என்ன கேட்கலாம்? என் பட்டியல்:

அ. கருவியின் ஆயுள் எத்தனை வருஷம் என்று சொல்கிறார்களோ, அத்தனை வருஷத்துக்கும் அப்போது நடப்பில் இருக்கும் ஓஎஸ்ஸில் சாஃப்ட்வேரும் டிரைவரும் இலவசமாக. பராமரிப்பு ஒப்பந்தத்திலும் அதே வரி.

ஆ. ஓஎஸ் மாறியதும் அளவுத்திருத்தம் செய்து சான்று தர வேண்டும்.

இ. கம்பெனி மூடினாலோ மாடலை நிறுத்தினாலோ, டிரைவரின் மூல நிரல் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

ஈ. நோயாளியின் பதிவுகளை வேறு சாஃப்ட்வேரிலும் திறக்கும் பொது வடிவத்தில் எடுக்க வழி வேண்டும்.

23) முதல் மூன்றும் புரியும். நான்காவதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

கிருஷ்ணனின் நாதஸ்வரம் எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் கேசட்டில் இருந்தது. டேப் ரெக்கார்டர் போய்விட்டது. ஆனால் யாராவது ஒருவர் அதை வேவ் கோப்பாக மாற்றியிருந்தால் இன்றும் எந்த போனிலும் ஓடும். வேவ் என்பது 1991ல் வந்த வடிவம். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அது சாகவில்லை.

காது பரிசோதனைப் பதிவுகளும் அப்படி இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் ஐந்து வருஷ பெரா, ஆடியோகிராம் எல்லாம் ஒரே கம்பெனியின் சாஃப்ட்வேரில் மட்டும் திறக்கும் என்றால், அது அந்தப் பிள்ளையின் பதிவே இல்லை. கம்பெனியின் பதிவு.

24) "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றால், காது மிஷின் துறையிலேயே நடந்திருக்கிறது.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாஃப்ட்வேர், ஒரு பதிவேடு என்று குழம்பிக் கிடந்த நேரத்தில், 1993ல் கருவிக் கம்பெனிகளே சேர்ந்து டென்மார்க்கில் ஹிம்சா என்ற அமைப்பைத் தொடங்கின. (தமிழில் படிக்கும்போது பெயர் கொஞ்சம் இடிக்கும். செய்த காரியம் நல்லது!) நோவா என்ற பொதுத்தளம் அவர்களுடையது. எந்தக் கம்பெனியின் காது மிஷினாக இருந்தாலும் நோயாளியின் ஆடியோகிராம் அந்த ஒரே தளத்தில் இருக்கும். விண்டோஸ் மாறினால் அந்தத் தளத்தையும் புதுப்பிக்கிறார்கள்.

போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து செய்ய முடிந்தது என்றால், வாங்குகிற அரசு கேட்க முடியாதா?

25) இன்னொரு உதாரணம் உங்கள் பையிலேயே இருக்கிறது. யூஎஸ்பி மைக்கோ ஹெட்போனோ எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் டிரைவர் கேட்காமல் வேலை செய்கிறதல்லவா? ஏனென்றால் யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கு 1998லேயே ஒரு பொது விதிமுறை எழுதிவிட்டார்கள். அதைப் பின்பற்றும் கருவிக்குத் தனி துபாஷி தேவையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும்.

மருத்துவ ஒலிக்கருவிக்கு இதைவிடக் கூடுதல் தேவைகள் உண்டுதான். ஆனாலும் எங்கெல்லாம் பொது விதிமுறை போதுமோ அங்கெல்லாம் அதைக் கேட்டு வாங்கலாம்.

26) சரி, ஏற்கெனவே வாங்கிய கருவிகளுக்கு என்ன செய்வது? டெண்டர் விதி மாறும் வரை குழந்தைகள் பிறக்காமல் இருக்கப் போவதில்லை.

முதல் வேலை: கம்ப்யூட்டரை மாற்றும் முன், கருவிக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "இந்த மாடல், இந்த விண்டோஸில் ஓடுமா?" என்று ஒரு மெயில். பதில் வரும் வரை பழைய சிஸ்டத்தைத் தொடாதீர்கள்.

27) ஓடாது என்று வந்தால், அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கருவியின் ஒரு பாகமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபை ஆஃப். யார் பென் டிரைவையும் சொருகக் கூடாது. அதில் மெயில் பார்க்க, ரிப்போர்ட் டைப் அடிக்க வேறு கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து அலமாரியில் வையுங்கள். டிஸ்க் போனால் அன்றே அடுத்ததைப் போட்டுவிடலாம்.

இது நிரந்தரத் தீர்வு இல்லை. மருந்து வரும் வரை கட்டுப்போட்டு வைப்பது மாதிரி.

28) இன்னொரு வழியும் உண்டு. கருவிகளுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தனி விண்டோஸ் பதிப்புகள் வைத்திருக்கிறது. அடிக்கடி மாறாது, நீண்ட காலம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸின் 2021 நீண்டகாலப் பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. சாதாரண விண்டோஸ் 10க்கும் நிறுவனங்கள் பணம் கட்டி மூன்று வருஷம் வரை அப்டேட் நீட்டிப்பு வாங்கலாம்.

இப்படி ஒன்று இருப்பதே பல மருத்துவமனைகளில் தெரியாது. கருவி வாங்கும்போது கடையில் கிடைக்கும் சாதாரண கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

29) இதையெல்லாம் விட எனக்கு அதிகக் கவலை காக்ளியர் இம்ப்ளான்ட் குழந்தைகளைப் பற்றி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. தமிழ்நாடு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய விஷயம் அது. உள்காதில் வைக்கும் பகுதி அந்தப் பிள்ளையோடு பல பத்து வருஷம் வாழ வேண்டியது.

ஆனால் காதின் பின்னால் மாட்டும் பிராசசரும், அதற்குள் இருக்கும் "மேப்" என்கிற ஒலி அமைப்பும் சாஃப்ட்வேரால் எழுதப்படுவது.

30) மேப் என்பது ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் அந்தக் குழந்தைக்குக் கேட்கத் தொடங்கும், எவ்வளவு வரை சுகமாகக் கேட்கும் என்ற கணக்கு. குழந்தைக்குக் குழந்தை மாறும். வளர வளர மாற்ற வேண்டும். அந்த வேலை நடப்பது ஆடியாலஜிஸ்ட்டின் கம்ப்யூட்டரில்.

பெரிய கம்பெனிகள் பழைய இம்ப்ளான்ட்டுக்கும் புதிய பிராசசர் பொருந்த வேண்டும் என்று முயற்சி எடுக்கின்றன. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் பிராசசர் மாடல் நிறுத்தப்பட்டால் புதியது வாங்கப் பெற்றோர் எங்கே போவார்கள்? தறி ஓட்டுகிறவரால் முடியுமா? மூன்று வயதில் அரசு கொடுத்த காது, பதிமூன்று வயதில் சாஃப்ட்வேர் பொருந்தவில்லை என்று அடைபட்டுப் போகக் கூடாது. காப்பீட்டுப் பேச்சுவார்த்தையில் இதுவும் ஒரு வரியாக வேண்டும்.

31) இப்போது உங்களுக்கு. வீட்டில் காது மிஷின் அல்லது காக்ளியர் இம்ப்ளான்ட் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை:

போனில் காது மிஷின் ஆப் வைத்திருந்தால், தானாக அப்டேட் ஆகும் வசதியை ஆஃப் செய்யுங்கள். புதிய ஆண்ட்ராய்டு, ஐபோன் பதிப்பு வந்ததும் அமுக்காமல், கருவிக் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்டேட் செய்யுங்கள்.

இது மிகைப்படுத்தல் இல்லை. 2025 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஒரு எச்சரிக்கை விட்டது. போனோடு இணைந்த சர்க்கரை அளவுக் கருவிகளில், போன் அப்டேட் போன்ற மாற்றங்களுக்குப் பிறகு எச்சரிக்கை ஒலி கேட்காமல் போன புகார்கள் வந்ததால்.

32) காது மிஷின் புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்.

"இந்த மாடலை எத்தனை வருஷம் வரைக்கும் புரோகிராம் பண்ணித் தருவீங்க?"

"உங்க கடை மூடிட்டா வேற யார்கிட்ட போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்?"

"என் ஆடியோகிராமும் செட்டிங்கும் பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா?"

மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் சிஸ்டத்துல இருக்குங்க" என்று பதில் வந்தால் விடாதீர்கள். பேப்பரில் வாங்கி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

33) அரசு மருத்துவமனையில் "மிஷின் ஓடல" என்று சொன்னால் அங்கே இருக்கும் டெக்னீஷியனிடம் சண்டை போடாதீர்கள். உங்களுக்காக எல்லா வழியும் தேடிப் பார்த்து அவரும் நொந்துபோய்த்தான் இருப்பார். வேறு எங்கே எடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். கைக்குழந்தை என்றால் "அடுத்த மாசம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அன்றே திரும்பச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்தால்தான் வேறு இடத்துக்குப் பேச முடியும்.

34) மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவமனையில் ஒலி சம்பந்தப்பட்ட கருவிகள் எத்தனை, எந்த மாடல், எந்த விண்டோஸ், கடைசி அளவுத்திருத்தம் எப்போது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். அரை மணி நேர வேலை. அதை மேலே அனுப்புங்கள். "கருவி பழுது" என்று எழுதாமல், "கருவி நன்றாக உள்ளது, சாஃப்ட்வேர் புதிய ஓஎஸ்ஸில் ஓடவில்லை" என்றே எழுதுங்கள்.

பழுது என்று எழுதினால் புதியது வாங்கச் சொல்லி ஃபைல் போகும். உண்மைக் காரணத்தை எழுதினால்தான் கம்பெனியிடம் கேள்வி போகும்.

35) கருவி தேய்ந்து நின்றால் புதியது வாங்குவோம், அதில் தவறில்லை. தேயாத கருவியை, அதன் துபாஷியைப் புதுப்பிக்க யாரும் பொறுப்பேற்காததால் குப்பையில் போடுவது மக்கள் வரிப்பணம். அதைவிடப் பெரிய நஷ்டம், நடுவில் போய்விடும் அந்த இரண்டு மூன்று மாதங்கள். கைக்குழந்தைக்கு அதைத் திருப்பிக் கொடுக்க எந்த அப்டேட்டும் கிடையாது.

உங்கள் பக்கத்து மருத்துவமனையில் இப்படி நின்றுபோன கருவி இருந்தால், ஊர் பெயர் வேண்டாம், கருவியின் வகையும் விண்டோஸ் பதிப்பும் மட்டும் கீழே சொல்லுங்கள். தொகுத்து உரியவர்களுக்கு அனுப்பலாம்.